நடுவில் நின்ற முள்

மேசைமேல் கிடந்த மீட்டரின் முள் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது.

அதன் முதுகில் ஒரு ஒயர்கூட இல்லை. தகரக் கூரையில் மதிய மழை கொட்டிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்த பேட்டரியின் புளித்த நெடி பட்டறை முழுக்கச் சுற்றியது. கண் மயங்குகிறது என்று எலக்ட்ரீஷியன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். சமாதானம் சொல்வதில் அவன் கெட்டிக்காரன்.

போன வருடம், பட்டறையில் நிற்கும் இதே பழைய லாரியை ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றியவன் அவன்தான். இன்ஜின் சூட்டைக் காட்டும் இந்த மீட்டர் ஆறு வோல்ட்டுக்குச் செய்தது. வோல்ட்டைக் குறைக்கும் சாமான் அன்று கைவசம் இல்லை. தங்கை புருஷனோ, "மாப்பிள்ளையையே காக்க வைக்கிறதா?" என்று சிரித்தபடி அவசரப்படுத்தினார். முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும்படி ஒரு ரெசிஸ்டரை முடிந்துவிட்டான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

ஒருநாள் ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. முள் நடுவில்தானே இருக்கிறது என்று நம்பி, மாப்பிள்ளை ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் முகத்தில் அடித்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார்.

இப்போது தங்கை அந்த லாரி கேபினில் ஏறி, அவர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இனி அவளே ஓட்டப்போகிறாளாம்.

"அண்ணா, அன்னிக்கு மீட்டர் சரியாத்தானே இருந்துச்சு? அவருதான் கவனிக்காம விட்டுட்டாரு. அதை நினைச்சா அவர் மேலயே கோவமா வருது."

செத்தவர் தலையில் பழி. இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் கெஞ்சியது. சொன்னால் தங்கை இனி முகத்தில் விழிக்கமாட்டாள்.

"சரியாத்தான் இருந்துச்சு பாப்பா."

முள் சிவப்புக் கோட்டுக்குப் போனது.

மீட்டரைக் கையில் எடுத்தான். சுட்டது. லாரிக்குள் எங்கோ தண்ணீர் கொதிக்கும் சத்தம். வெந்த ரப்பர் வாசனை. இன்ஜின் ஓடவில்லை. பேட்டரி தரையில் கிடந்தது.

"பாப்பா, இறங்கு!"

கேபின் கண்ணாடிகள் உள்ளிருந்து வெளுத்தன. ஓடிப்போய்க் கதவுப் பிடியைப் பற்றினான். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை. கதவு அசையவில்லை.

"பொய் சொன்னேன் பாப்பா! மீட்டர்ல நான்தான் தில்லுமுல்லு பண்ணேன்! அவர் மேல தப்பே இல்ல! இறங்கிடு!"

"ஏன்ணா பதறுறீங்க?" நிதானமாக வந்தது அவள் குரல். "முள்ளு நடுவுலதான் நிக்குது. அவரும் பாத்துட்டாரு."

மீட்டர் அவன் இடதுகையில் இருந்தது.

ஆவி படிந்த கண்ணாடியில், உள்பக்கமிருந்து ஒரு உள்ளங்கை மெல்லப் பதிந்தது. பெரிய கை. கீழே வழுக்கியது. தோல் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.