பூசாமல் விட்ட முகம்

டோரதி தூரிகையை நாலே முறைதான் நனைத்திருப்பாள். தட்டில் கரைத்து வைத்திருந்த பழுப்புச் சாயத்தில் பாதியைக் காணோம்.

தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தாள். ஒழுகலில்லை. மேசையும் காய்ந்துதான் கிடந்தது.

வெளியே பினாங்கு மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. பகல் மூன்று மணிக்கே மாடியறை மங்கிப்போய், நனைந்த சுவரும் கருவாடும் சேர்ந்து நாறியது. எதிரே கண்ணாடி. அதைப் பார்த்துத் தன் முகத்தை ஒரே நிறத்தில், மெல்லிய பூச்சின் மேல் அடர்ந்த பூச்சாக வரைய வேண்டும். வெள்ளைச் சாயம் கிடையாது. வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். மூன்று வாரமாக ஓவியப் புத்தகத்தைப் பார்த்துப் பழகியது அதைத்தான். காலையில் வரைந்த படம் அச்சு அசலாக அவளைப் போலவே வந்திருந்தது. அண்ணன் மனைவி அமலம்மாள் அதைக் கிழித்துப் போட்டாள்.

"என்னாடி இது, கரிச்சட்டிக்குக் கண்ணு வச்ச மாதிரி? போட்டோ எடுத்தா உள்ளது உள்ளபடி விழுந்துடும்னுதானே உன்னைய வரையச் சொன்னேன்! மூஞ்சிய வெள்ளையா விடு லா."

"தைப்பிங் ஊரு மாப்பிள்ளை நேர்ல பார்ப்பாரே அண்ணி?"

"அதுக்குள்ள வெத்தல பாக்கு மாத்திடுவோம். அஞ்சு மணி பெர்ரிக் கப்பலுக்கு உங்கண்ணன் படத்தோட கிளம்பணும். இல்லேன்னா நாளைக்கே நீ தோட்டத்துத் துரை வீட்டுக்கு ஆயாவா போற. இங்க இனிமே சோறு கெடையாது."

அதனால் டோரதி முகத்தைப் பூசாமல் விட்டாள். கூந்தலுக்கும் கண்ணுக்கும் மட்டும் சாயம். நெற்றியில் விழவேண்டிய பழுப்பைப் பூசாமல் விட்டாள். தட்டில் சாயம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கண்ணாடிக்குள், அவள் தோளுக்குப் பின்னால், அலமாரி மூலையின் இருட்டு ஒரு பிடி கெட்டிப்பட்டாற்போலிருந்தது. மழை இருட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

கன்னங்களை விட்டாள். பின்னால் பலகைத் தரையில் ஏதோ சொட்டியது.

மூக்கை விட்டாள். மூலையில் ஒரு மூக்கு.

கழுத்தையும் விட்டாயிற்று. கண்ணாடியில் இப்போது இரண்டு பேர். முன்னால் இருந்தவள் வெளிறிக்கொண்டே வந்தாள். பின்னால் நின்றவள் ஈரப் பழுப்பு, டோரதியின் அதே நிறம். சிரிக்கவில்லை. வெறுப்போடு பார்த்தாள்.

பூசிவிட வேண்டும். உடனே. தூரிகையைத் தட்டில் அழுத்தினாள். தட்டு துடைத்து வைத்தாற்போல் காய்ந்திருந்தது.

"டோரதி! முடிச்சியா இல்லியா?" கீழேயிருந்து அமலம்மாள்.

"வந்துட்டேன் அண்ணி."

டோரதி வாயைத் திறக்கவே இல்லை.

ஈரக் கை ஒன்று தோளுக்கு மேலாக நீண்டு படத்தை எடுத்தது. பாதங்கள் நிதானமாகப் படியிறங்கின.

"ஆங், இது மூஞ்சி! கையெல்லாம் ஏன்டி ஈரம் உனக்கு?" கீழே அமலம்மாளின் குரல்.

டோரதி கத்தினாள். சத்தம் வரவில்லை. எழுந்தாள், உடம்பில் கனமே இல்லை. காற்று சன்னலைத் தள்ளித் திறந்தது. சாரல் அறைக்குள் பாய்ந்தது.

வெள்ளைவெளேரென்ற புறங்கையில் ஒரு துளி விழுந்தது. வழியவில்லை. ஊறியது. ஊறிய இடம் நனைந்த தாளாக உப்பி, சுருங்கி, ஓரத்திலிருந்து மெல்லக் கிழிய ஆரம்பித்தது.