ஆடு எப்படி எழுந்திருக்கும்?

அக்கா ஜெஸி போன பிறகு பிரின்சிக்கு மணலூர்பேட்டையே பிடிக்கவில்லை. சண்டை போடக்கூட வீட்டில் ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தனியாக எவ்வளவு நேரம்தான் கேரம் ஆடும்? இரண்டு பக்கமும் அவளே ஆடி, அவளே தோற்றாள்.

ஜெஸி காலேஜ் முடித்துவிட்டு மறுபடியும் காலேஜ் போயிருந்தாள். குஜராத்தில், அனிமேஷன் படம் எடுக்கும் மேல்படிப்பு. தினமும் மாலையில் அம்மாவின் போனில் வீடியோ காலில் வருவாள்.

“ஒரு செகண்டு ஓடணும்னா பன்னெண்டு படம் வரையணும்மா,” என்றாள் அன்று.

“நாள் பூரா வரைஞ்சி ஒரு செகண்டா?” என்றார் அம்மா ஆனந்தமேரி. “தும்மறதுக்குள்ள முடிஞ்சிடுமேடி!”

ஜெஸிக்குச் சிரிப்பு வரவில்லை. கரியாலூர் மலையில் திரியும் ஓர் ஆட்டைப் பற்றியது அவளுடைய படம். ஆடு தூங்கி எழுந்திருக்கும் காட்சியை ஆசிரியை மூன்று முறை திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா கிறிஸ்துமஸுக்கு வூட்டுக்கு வர முடியாது பிரின்சி.”

பிரின்சி போனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். “அதைக் காட்டுக்கா,” என்றாள்.

அக்கா காட்டினாள். படத்தில் ஆடு முன்னங்கால்களை ஊன்றி எழுந்தது.

“ஐயே, இன்னாக்கா இது? நாய் மாதிரி எழுந்திரிக்குது!”

அக்கா திருதிருவென்று விழித்தாள். “ஹாஸ்டல் வாசல்ல நாய்தான்டி இருக்குது. அதைப் பார்த்து வரைஞ்சேன்.”

“நம்ம வூட்ல எப்பவும் ஆடு இருக்குதே!”

“பார்த்துக்கினேதான் வளர்ந்தேன். எந்தக் கால் முதல்ல எழுந்திரிக்கும்னு கவனிக்கவே இல்ல.”

“நான் வீடியோ எடுத்து அனுப்பறேன்,” என்றாள் பிரின்சி.

சொல்வது சுலபம். மறுநாள் பள்ளி விட்டதும் போனோடு ஆட்டிடம் போனாள். இவள் தலையைக் கண்டாலே தழை வருகிறது என்று கருப்பி ஆடு எழுந்து நின்றுவிடும். மறுபடி படுக்கும். போனை நீட்டினால் மறுபடி எழுந்துவிடும். நல்ல வேடிக்கை!

பக்கத்து வீட்டுச் சிவசங்கர் வந்தான். “தூரமா நின்னு எடு. நான் எழுப்பறேன்,” என்று குச்சியால் ஒரு தட்டுத் தட்டினான். கருப்பி அலறித் துள்ளி எழுந்தது. பிரின்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “அடிக்கச் சொன்னாங்களா உன்னை?”

ஆனாலும் அந்த வீடியோவை அனுப்பினாள். “இது பயந்துக்கினு எழுந்திரிக்குது. எனக்கு நிம்மதியா எழுந்திரிக்கணும்,” என்று பதில் வந்தது.

மறுநாள் அவள் கைநிறையத் தழை கொண்டுபோய்ப் போட்டாள். கருப்பி வயிறு நிரம்பத் தின்று படுத்தது. ஒரு செங்கல் மேல் போனைச் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டாள். தள்ளிப் போய் முழங்கால் மேல் முகவாயை வைத்து உட்கார்ந்தாள்.

கருப்பி அசைபோட்டது. கண்ணை மூடியது. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது.

“நீ மெதுவா எழுந்திரி. யாரும் அடிக்க மாட்டாங்க,” என்றாள் பிரின்சி. “அக்கா வரலன்னா கிறிஸ்துமஸ் குடில் நான் மட்டும்தான் கட்டணும். ஸ்டார் மாட்ட எனக்கு எட்டக்கூட எட்டாது.” அழுகை வந்தது. பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்துக் கருப்பி எழுந்தது. முதலில் பின்பக்கம் உயர்ந்தது. முன்னால் மட்டும், கோயிலில் ஜெபம் செய்வதுபோல முழங்கால் போட்டிருந்தது. பிறகு முன்னங்கால்களையும் ஊன்றி நின்று, உடம்பை உதறித் தும்மியது.

வீடியோவை வெட்டத் தெரியாததால் அரை மணி நேரத்தையும் அப்படியே அனுப்பினாள்.

அதன்பின் இரண்டு நாள் அக்கா பேசவே இல்லை. பிரின்சி கேரம் பலகையைத் தொடக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை போன் அடித்தது. அக்கா உடனே படத்தை ஓடவிட்டாள். ஆடு பின்னங்கால்களை முதலில் ஊன்றி எழுந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி முழங்கால் மேல் முகவாயை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆடு அவள் தோளை முட்டியது.

“இது யாருக்கா?”

“நீதான். வீடியோ ஓரத்துல உட்கார்ந்துக்கினு இருந்தே. பேசினதும் கேட்டுச்சு,” என்றாள் அக்கா. “ஆடு சரியாயிருக்குதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. ஆனா இந்தப் பொண்ணு இன்னும் எழுந்திரிக்கல. அதை வரையணும்.”

“அப்போ வரமாட்டியா?”

“வராம? நேர்ல பார்த்துத்தான் வரைவேன். ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்.”

“அம்மா! அக்கா வருது!” என்று கத்திக்கொண்டே பிரின்சி எழுந்து ஓடினாள். எந்தக் காலை முதலில் ஊன்றினாள் என்று அவளுக்கே தெரியாது.