ஊடுபயிர் வழக்கு

"என் பேச்சை நானே திருடிட்டேனாமுங்க!" கமலவேணி கைபேசியை மேசைமேல் போட்ட வேகத்தில் குமாஸ்தா நயீமின் டீ தளும்பியது.

சேலத்து வக்கீல் சாயிரா பானு நிதானமாக அதை எடுத்துப் படித்தார். இராசிபுரத்துக் கமலவேணி ஆறு வருடமாக வீடியோவில் விவசாயம் சொல்லிக்கொடுக்கிறார்; இருநூறு பாடங்கள். திருச்செங்கோட்டு நவநீதகிருஷ்ணன் ஒரு மின்நூல் விற்கிறார். பாடங்கள் அத்தனையும் தன் நூலிலிருந்து சுட்டவை என்று வீடியோ தளத்தில் புகார் கொடுத்திருந்தார். நாளை மாலைக்குள் அவர் வாபஸ் வாங்காவிட்டால் சேனலே அழிந்துவிடும்.

"புகார் குடுக்க அவனுக்கு ஒரு நிமிசம். நான் யோக்கியம்னு காட்ட ஏழு நாளு அல்லாடறேன். இதென்ன நாயமுங்க?"

நயீமுக்கு ரத்தம் கொதித்தது. செவ்வாய்ப்பேட்டை மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர் அவர். களவாண்டவனே பறிகொடுத்தவர் மேல் புகார் கொடுக்கும் வியாபாரம் அந்தச் சந்தையில்கூடக் கிடையாது.

"ஆனா மேடம், நூலோட தேதி முதல் வீடியோவுக்கு ஒரு வருசம் முந்தி."

"கம்ப்யூட்டர் தேதியை யார் வேணாலும் திருப்பி வைக்கலாம். நூலைப் படிங்க."

நயீம் படித்தார். "'மரவள்ளியில் சின்ன வெங்காயத்தை வீடுபயிராகப் போடுங்கள். அறுத்து வீடு கொண்டுவந்து சேருங்கள்.' ஊடுபயிர்னு எழுதத் தெரியல, இவரெல்லாம் ஆசிரியர்! பத்து இடத்துல தப்பு."

சாயிராவின் பேனா நின்றது. "ஒரு இடத்துலயாவது சரியா இருக்கா?"

"இல்லைங்க."

"அம்மா, உங்க வீடியோவைப் போடுங்க."

கைபேசியில் கமலவேணியின் குரல் கணீரென்று வந்தது: "வெங்காயத்தை ஊடுபயிரா போடுங்க சாமி. அறுத்து ஊடு கொண்டாந்து சேருங்க."

"அவரை வரச் சொல்லுங்க," என்றார் சாயிரா.

மறுநாள் காலை நவநீதகிருஷ்ணன் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து உட்கார்ந்தார். பேச்சிலும் இஸ்திரி போட்டிருந்தது. "நான் எழுதியதை இந்த அம்மையார் ஒப்பிக்கிறார்."

"வெங்காயம் எங்க சார் வளருது? மரவள்ளிக்கு நடுவுலயா, உங்க வீட்டுக்குள்ளயா?"

"நடுவில்தான். அதனால்தான் அது ஊடுபயிர்."

"வாய்க்குத் தெரியுது. நூல் முழுக்க ஏன் வீடுபயிர்?"

அவர் சட்டை மடிப்பை நீவிவிட்டார்.

"நான் சொல்றேன். இவங்க பேச்சை அப்படியே டைப் அடிச்சீங்க. வீட்டை 'ஊடு'ங்கறது உங்களுக்குப் பட்டிக்காடாப் பட்டது. ஒரே தட்டுல எல்லா 'ஊடு'வையும் கம்ப்யூட்டர்ல 'வீடு' ஆக்கினீங்க. ஊடுபயிரும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. கை தவறினா ஒண்ணு ரெண்டு இடம் தவறும், பத்தும் தவறாது. நீங்களே எழுத்துத் தமிழ்ல எழுதியிருந்தா, மாத்தறதுக்கு 'ஊடு' எங்கிருந்து வந்தது? பேச்சு முந்தி, நூல் பிந்தி. பேச்சுக்கும் பதிப்புரிமை உண்டு சார்."

"மிரட்டறீங்களா? நான் ஊட்டுக்குப் போறேன்!"

"வீட்டுக்குன்னு சொல்லுங்க சார்," என்று நயீம் கதவை மறித்தார்.

நவநீதகிருஷ்ணன் மறுபடி உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "அடுத்த பதிப்பில் அம்மையாருக்கு நன்றி போட்டுவிடுகிறேன்."

கமலவேணி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த மடிக்கணினியை அவர் முன்னால் தள்ளினார்.

"உங்க நன்றியை நீங்களே வெச்சுக்கங்க. வாபஸ் கடுதாசி நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க. நான் பேசற மாதிரியே வரோணும். ஒரு எழுத்துத் திருத்துனாலும் கோர்ட்டுல பாத்துக்கலாம்."

நவநீதகிருஷ்ணனின் விரல்கள் எழுத்துகளின் மேல் தயங்கின.

"அடிங்க," என்றார் கமலவேணி. "'திருடுனது நாந்தானுங்க.'"