ஆள் வருது

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குச் சங்கரி வந்து சேர்ந்தபோது மழை கொஞ்சம் ஓய்ந்து, அடுத்த கொட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காலை நேரம்தான். ஆனால் வானம் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கறுத்துக் கிடந்ததால் டீக்கடைகளில் விளக்கு எரிந்தது. டீசலும் சேறும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை.

அவள் நேரத்தோடு வந்ததே பெரிய விஷயம். தெருவில் அவளுக்கு 'லேட்டு சங்கரி' என்று பேர். வைத்தவள் சொந்த அண்ணி துர்காதேவி. வைத்ததோடு நிற்காமல் அதைக் குழாயடிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவளே. ஒரு இண்டர்வியூவுக்குப் போகும்போது ஊரப்பாக்கத்தில் ரயில் நின்றுவிட்டது. இன்னொன்றுக்கு ஷேர் ஆட்டோ பஞ்சர். ரயிலை யாரும் திட்டவில்லை, ஆட்டோவையும் திட்டவில்லை. "அவ ராசி அப்பிடி" என்று தெரு தீர்ப்பெழுதிவிட்டது. தெருவுக்கு என்ன, தீர்ப்புக்குச் செலவா ஆகிறது?

இன்று போகவேண்டியது மாமல்லபுரம் தாண்டி, திருவிடந்தை போகிற வழியில், கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டுக்கு. ரிசப்ஷன் வேலை. தங்க இடமும் தருகிறார்களாம். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவள் விடியுமுன் எழுந்தது. வேலை கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டினத்திலிருந்து பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அவருடைய பெரிய மகளுக்கும் சங்கரிக்கும் வயது வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. "அவரு வூட்ல எல்லாம் கீது. நீ போயி உக்காந்தா போதும்" என்று அண்ணன் ஜெகதீசன் பேச்சை முடித்திருந்தான்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற தனியார் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டதால் மூச்சுக்காற்று படிந்து கண்ணாடிகள் வெளுத்திருந்தன. தோளோடு தோள் இடித்துக்கொண்டு அத்தனை பேர் நிற்க, நடுவில் ஜன்னலோரம் ஒரு சீட் காலி.

அதன்மேல் ஒரு கர்ச்சீப். ஓரத்தில் பூத்தையல். பிழியாத துணி மாதிரி சொட்டச்சொட்ட நனைந்திருந்தது.

"இது யாருது?"

நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற செங்கம்மாள்தான் வாய் திறந்தாள். திருக்கழுக்குன்றத்தில் பூ விற்கிறவள். வாயை மூடினால் கூடை கனக்கும் என்கிற ரகம்.

"ஆளு வருது கண்ணு."

"எங்க வருது? பஸ்ஸே கெளம்பிடுச்சி."

"வரும். நீ நின்னுகினே வா. கால் இன்னா ஒடிஞ்சா பூடும்?"

சீட்டுக்குக் கர்ச்சீப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற சாதியைச் சங்கரிக்குத் தெரியும். அவர்களால்தான் அவள் வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே வருகிறாள். கர்ச்சீப்பை இரண்டு விரலால் தூக்கி, ஜன்னலை ஏற்றி, வெளியே எறிந்தாள். இஸ்திரி கலையாத மஞ்சள் சுடிதாரோடு உட்கார்ந்தாள்.

கண்டக்டர் ராஜாராம் வாய்க்கருகே கொண்டுபோன விசிலை ஊதாமல் அப்படியே பிடித்திருந்தார்.

"இன்னா காரியம் பண்ட்ட" என்றாள் செங்கம்மாள். குரல் பாதியாக இறங்கிவிட்டது. "போன மழையில ஒரு பொண்ணு. உன்ன மாதிரிதான், இண்டர்வியூவுக்கு நேரமாய்டுச்சின்னு ஓடியாந்துச்சி. ஜன்னல் வழியா கர்ச்சீப்ப போட்டுட்டு, பஸ்ஸ சுத்திகினு வாசப்பக்கம் வந்துச்சி. அந்நேரம் பார்த்து ரிவர்ஸ் எடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம். மழ பெய்யற அன்னிக்கு கர்ச்சீப் மட்டும் வருது. நாங்க உக்கார்றதில்ல."

"அந்தப் பொண்ணு பேரு?"

"பேரு யாருக்குத் தெரியும்."

உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஒருத்தர்கூட எழுந்து இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். இப்போது பஸ்ஸே அவளுக்காக நின்றுகொண்டு வருகிறது. ஊர் மரியாதைக்குச் சாகத்தான் வேண்டியிருக்கிறது. சங்கரிக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பஸ் ஊரைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது.

இருவர் சீட் அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. அந்த இடம் காலி. ஆனாலும் அந்தப் பக்கத் தோள் சில்லென்று நனைந்துகொண்டே வந்தது, யாரோ ஈரத்தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி. குளத்துப் பாசியின் வாடை. அவள் ஒதுங்கினாள்.

ஈரமும் ஒதுங்கி வந்தது.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்பு சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. ஓரமாகச் சேற்றில் இறக்கித்தான் பஸ்ஸைத் தாண்டவைக்க வேண்டும். ஆளோடு இறக்கினால் கவிழும். "அல்லாரும் எறங்குங்க, காலியா வந்தாத்தான் ஏறும்" என்றார் ராஜாராம். உட்கார்ந்திருந்தவர்கள் இறங்குமுன் அவரவர் இடத்தில் ஒன்றைப் போட்டார்கள். துண்டு, குடை, சோற்றுப்பை. எமனே வந்து கூப்பிட்டாலும் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டுத்தான் நம்மவர்கள் போவார்கள்.

சங்கரியும் போட்டாள். கையில் இருந்தது சர்ட்டிபிகேட் ஃபைல். பட்டம், ஆதார், போட்டோ எல்லாம் அதற்குள். மேலே கொட்டை எழுத்தில் பெயர். மழையிலும் நனையாது, இடமும் போகாது என்று கணக்குப் போட்டாள்.

எல்லோரும் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். காலி பஸ் ஒருபக்கம் சாய்ந்து, முனகிக்கொண்டு சேற்றில் இறங்கியது. டிரைவர் மட்டும் முன்னால்.

நடு ஜன்னலின் வெளுத்த கண்ணாடியை, உள்ளேயிருந்து ஒரு கை மெதுவாகத் துடைத்தது.

சங்கரி திரும்பிச் செங்கம்மாளைப் பார்த்தாள். செங்கம்மாள் கூடைக்குள் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஏறியபோது துண்டு இருந்தது, குடை இருந்தது, சோற்றுப்பை இருந்தது. ஃபைல் இல்லை. சீட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

"என் ஃபைலு?" சங்கரி சீட்டடியில் எல்லாம் குனிந்து தேடினாள். "யாரு எடுத்தீங்க? அண்ணா, டிரைவரண்ணா கிட்ட கேளுங்க."

ராஜாராம் அவளைப் பார்க்காமல் சொன்னார். "அவரு முன்னாடி கீறாரு. மத்த எல்லாரும் உன்கூடத்தான வெளிய நின்னுகினு இருந்தாங்க."

திரும்பிப் போக அவளுக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம், காட்டிக் கெஞ்சிக்கொள்ளலாம் என்று போனாள். மாமல்லபுரத்தில் அடுத்த வண்டி வரவில்லை, வந்தது நிற்கவில்லை. ரிசார்ட் கேட்டை அடையும்போது, சொன்ன நேரம் எப்போதோ போயிருந்தது. சவுக்குத்தோப்புக்குப் பின்னால் கடல் கண்ணுக்குத் தெரியாமல் இரைந்தது.

வாட்ச்மேன் மோசஸ் குடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா?"

"இண்டர்வியூவுக்கு. சங்கரி. செங்கல்பட்டு."

"சங்கரி டாண்ணு நேரத்துக்கு வந்துச்சே. நனைஞ்சிபோயி. பாவம்னு நாந்தான் டவல் குடுத்தேன்."

"அது நான் இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். நீ இல்ல."

அவர் மேலே பேசுமுன் அவள் உள்ளே ஓடினாள். கரண்ட் இல்லாத நீண்ட வராந்தா. தரையில் ஈரப் பாதங்களின் தடம், அவளுக்கு முன்னால் போயிருந்தது. செருப்பில்லாத தடம். கோடியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குள் எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சம்.

மேனேஜர் சிநேகா எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் சங்கரியின் ஃபைல் திறந்திருந்தது. எதிர் நாற்காலியில் முதுகைக் காட்டி ஒருத்தி. இஸ்திரி கலையாத மஞ்சள் சுடிதார். சடை நுனியிலிருந்து டைல்ஸில் சொட்டு, சொட்டு.

பேசிய குரல் சங்கரியுடையது. வீட்டில் கண்ணாடி முன் நின்று பாடம் பண்ணிய பதில்கள், ஒரு இடத்திலும் திக்காமல், அவளைவிட நன்றாக.

நாற்காலியில் இருந்தவள் திரும்பினாள்.

சங்கரி தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். இமை மட்டும் அடிக்கவில்லை.

சிநேகா எழுந்து வந்து கதவைத் திறந்தாள். "யாருங்க நீங்க? இண்டர்வியூ முடிஞ்சிடுச்சி. செலக்ட் பண்ணியாச்சி."

"மேடம், அது என் ஃபைல். அவங்க நான் இல்ல."

"உங்க பேரு?"

சங்கரி வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில்தான் இருந்தது. கேட்டில்கூடச் சொன்னாளே. உதடு அசைந்தது, பேர் வரவில்லை. சிநேகா, குடித்துவிட்டு வந்தவர்களிடம் பேசுகிற பதமான குரலில் "மோசஸ்" என்று கூப்பிட்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் அவள் நின்றுகொண்டே வந்தாள். ஒரு ரூபாய் சில்லறைக்குத் திருக்கழுக்குன்றம்வரை சண்டை போடுகிற ராஜாராம், அவள் நீட்டிய நோட்டைப் பார்க்காமலே தாண்டிப் போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே டியூப் லைட் எரிந்தது. கேசரி கிளறுகிற வாசனை. அந்த வீட்டில் அவளுக்காக அதுவரை கேசரி கிளறியதில்லை.

"நான் அப்பவே சொல்லல?" என்று அண்ணன் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான். "எந்தங்கச்சி கெட்டிக்காரிப்பா. புதுப்பட்டினத்துக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

அவள் கதவைத் தட்டினாள்.

"வாசல்ல யாரோ தட்றாப்புல கீது" என்று அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அவ்வளவு பிரியமான குரலை அந்தத் தெருவே கேட்டதில்லை. "பாரு கண்ணு."

கதவு ஒரு சாண் திறந்தது. டவலால் தலையைத் துவட்டிக்கொண்டே அந்த முகம் அவளை மேலும் கீழும் பார்த்தது. கோபம் இல்லை. சீட் கிடைத்தவர்கள் நிற்பவர்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"யாரும் இல்லண்ணி. மழத்தண்ணி சொட்டுது."

தாழ்ப்பாள் விழுந்தது.

மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. தெருவே காய்ந்து கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அவள் சடையிலிருந்துதான் படியில் சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்தாள், மறுபடி பிழிந்தாள்.

நிற்கவில்லை.