குருவிகள் விட்ட இடம்

அந்த வருடம் வடக்கிலிருந்து வந்திறங்கிய உள்ளான் குருவிகள், சேற்றில் ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு நின்றன.

புனிதா முதலில் அதைத் தன் கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தாள். பைனாகுலரைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். மீன்பிடிப் படகுகள் ஒதுங்கும் சின்ன ஜெட்டிக்கு அப்பால், ஆறு கடலில் சேரும் வாயில், நீர் ஏற ஏறச் சுருங்கிக்கொண்டு வந்த சேற்றுத் திடலில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. சைபீரியாவிலிருந்து பறந்து வந்த களைப்பில் சில நின்றபடியே தூங்கின. கடைசியாக வந்து சேர்ந்தவற்றுக்குக் கால் ஊன்ற இடமில்லை. மற்றவற்றின் முதுகில் இறங்கிக் கொத்து வாங்கின. ஆனால் நடுவில் ஒரு வட்டம் காலியாக இருந்தது. ஓர் ஆள் நின்றால் பறவைகள் எவ்வளவு தள்ளி நிற்குமோ, அவ்வளவு பெரிய வட்டம். அதன் விளிம்பில் நின்றவை எல்லாம் உடம்பை ஒருக்களித்து, ஒரு கண்ணை அந்தக் காலி இடத்தின் மேலேயே வைத்திருந்தன.

“என்ன தாதிம்மா, இன்னும் பாத்து முடியலையா?” என்று கேட்டபடி மதார் மைதீன் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். ஜெட்டியில் அவர் கடை மட்டும்தான் இன்னும் திறந்திருந்தது. புனிதா தோட்டத்து கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் அவருக்கு அவள் தாதிம்மாதான்.

“பாய், அந்த நடுவுல ஏதாச்சும் கெடக்கா பாருங்க. வலை, கட்டை, ஏதாச்சும்?”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “ஒண்ணையும் காணோம்லா. வெறும் சேறு.”

மறுநாளும் அந்த வட்டம் இருந்தது, ஆனால் கரைக்குக் கொஞ்சம் கிட்டத்தில். அதற்கடுத்த நாள் இன்னும் கிட்டத்தில். கூட்டம் அசைந்தபோதெல்லாம் அதுவும் கூடவே நகர்ந்தது. திருவிழா நெரிசலில் ஒருவர் மெதுவாக நடந்து வந்தால் ஜனங்கள் விலகி, பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்வார்களே, அப்படி.

பைனாகுலர் அவள் கணவர் ஹேமநாதனுடையது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அக்டோபர் பிறந்துவிட்டால் மனிதர் வீடு தங்கமாட்டார். சாயங்காலமானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரம் போய்விடுவார். “அந்தக் குருவிங்களுக்கும் ஒங்களுக்கும் அப்படி என்னதான் சொந்தம்?” என்று அவள் சண்டை பிடித்திருக்கிறாள். அவர் நெஞ்சு வலியில் போன பிறகு வந்த முதல் அக்டோபரில், சாயங்காலங்கள் நகராமல் கிடந்தபோது, அலமாரியிலிருந்த பைனாகுலரை எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பிவிட்டாள். பெயர்கள் ஒவ்வொன்றாக மனதில் ஏறின. அவர் ஏன் போனார் என்பதும் மெல்லப் புரிந்தது. அங்கே யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஆத்துமுனைத் தோட்டத்து லயத்து வீடுகள் காலியாகி, கதவு ஜன்னல்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சனங்கள் சிரம்பானுக்கும் பெடாஸுக்கும் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் எண்ணெய் ஆலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். செம்பனைகளுக்கு நடுவே, பழைய கிராணி வீட்டில் புனிதா மட்டும் விளக்கேற்றினாள். மகள் சுபா மந்தின் டவுனிலிருந்து தினமும் போன் செய்வாள்.

“சாப்டாச்சாம்மா?”

“ஆச்சு, ஆச்சு.”

“இங்க வந்துருங்கம்மா. தனியா அங்க என்ன செய்றீங்க? ரூம் சும்மாதானே கெடக்கு.”

“தீபாவளி கழியட்டும், பாப்போம்.”

ஒவ்வொரு வருடமும் இதே பதில்தான். சுபாவும் வற்புறுத்தி அலுத்துப்போயிருந்தாள்.

நீர் உயர ஏறியிருந்த ஒரு மாலையில் பறவைகள் ஜெட்டியை ஒட்டிய இறால் குட்டை வரப்புக்கு வந்துவிட்டன. பைனாகுலர் தேவைப்படாத தூரம். வரப்பு நெடுகப் பறவைகள். அவளுக்கு நேர் எதிரே மட்டும் வெறும் மண். அந்த மண்ணில் மழைநீர் தேங்கியிருந்தது. காற்று இல்லை. ஆனால் தேங்கிய நீர், ஏதோ கனம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறியதுபோல, மெல்லச் சுளித்து அடங்கியது.

அன்று அவள் தேநீரைக் குடிக்காமலேயே கிளம்பிவிட்டாள்.

தோட்டத்துச் சாலையில் அவள் மோட்டாரை ஓட்டிப் போனபோது தகைவிலான்கள் அடையும் நேரம். தோட்டத்து ஆட்கள் தலையில்லாக் குருவி என்பார்கள். ஹேமநாதன்தான் விடாமல் திருத்துவார். மின்கம்பிகளில் அவை வரிசை கட்டி, தொண்டைக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. புனிதா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், கம்பியில் ஓர் இடைவெளி இருந்தது. அவள் நகர, அது வரும் வழியில் உட்கார்ந்திருந்தவை எழும்பி, அது கடந்த பிறகு திரும்ப உட்கார்ந்தன. அவள் நின்றால் இடைவெளியும் நின்றது. நிழல் இல்லை. காலடி ஓசை இல்லை. மேலே குருவிகள் மட்டும் யாருக்கோ வழிவிட்டுக்கொண்டு வந்தன.

வீட்டு வாசல் வரை வந்தது. வேலிக்கு வெளியே நின்றுவிட்டது.

கதவைத் தாழிட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் பயம் அடங்க நேரமானது. அது அடங்கிய பிறகு வந்த நினைப்புதான் அவளைக் கெடுத்தது. கடலோரத்திலிருந்து வருகிறது. அக்டோபரில் வருகிறது. அவசரப்படாமல், தொந்தரவு செய்யாமல், வாசலில் வந்து காத்துக்கொண்டு நிற்கிறது. ஹேமநாதன் அப்படித்தான் நிற்பார், சண்டை போட்ட நாட்களில், அவளாகக் கூப்பிடட்டும் என்று.

மறுநாள் சாயங்காலமும் கம்பியில் அந்த இடைவெளி. அதற்கு மறுநாளும். மழை இறங்கிய நாளில் அது வேலிக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. மனது கேட்கவில்லை. தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு, வாசல் கதவைத் திறந்தாள்.

“வாங்க,” என்றாள். தொண்டை கரகரத்தது. “ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வந்து ஒக்காருங்க.”

கம்பியில் இருந்த குருவிகள் அத்தனையும் ஒரே மூச்சில் வாயடைத்துப்போயின.

பிறகு வாசனை வந்தது. ஹேமநாதன் மேல் எப்போதும் தைலமும் ஆபீஸ் காகிதமும் மணக்கும். இது அந்த வாசனை இல்லை. நீர் வற்றிய பிறகு, ஆற்றுவாயின் அடிச்சேற்றைக் காலால் கிளறினால் எழும் வாசனை. அது அவளைத் தாண்டி, தோளை உரசாமல், வீட்டுக்குள் போனது.

அன்றிரவு வேறொன்றும் நடக்கவில்லை. கூடத்து மூங்கில் நாற்காலி ஒருமுறை முனகியது. அவ்வளவுதான். அவள் பாவம் பார்த்து அதற்கு ஒரு தட்டில் சோறு வைத்தாள். காலையில் சோறு அப்படியே இருந்தது. அன்று அவளுக்கும் பசிக்கவில்லை.

சாயங்காலம் ஜெட்டியில் அதிசயம் காத்திருந்தது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்ததும் ஓர் உள்ளான் பறந்து வந்து அவள் காலடியில் இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது செருப்பின் மேல் ஏறி, பாதத்தின் மேல் நடந்து, மறுபக்கம் இறங்கிப் பாசியைக் கொத்தியது. ஊசிபோன்ற அலகும், ஈரமான கண்ணும், குளிர்ந்த சின்ன விரல்களும்! ஹேமநாதன் வாழ்நாளெல்லாம் ஏங்கியது இதற்குத்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கையை நீட்டினாள். அது ஓடவில்லை. விரல் முதுகைத் தொட்டபோதும் ஓடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கடைக்குள் போய் வழக்கமான மேசையில் உட்கார்ந்தாள். “பாய், தே ஒண்ணு.” மதார் மைதீன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை போலும். மறுபடி சத்தமாகச் சொன்னாள். அவர் துணியை உதறிவிட்டுத் தலையைத் தூக்கினார். முகம் மலர்ந்தது. அவளைப் பார்த்து அல்ல. அவளுக்கு எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து.

“வாங்க தாதிம்மா! சீனி கொறச்சுத்தானே?”

தேநீரைக் கொண்டுவந்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார். “தீபாவளிக்கு மக வீட்டுக்கா?” என்று கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்துப் பதிலைக் கேட்டுக்கொண்டார். சிரித்தார். “நல்லதுலா. வயசான காலத்துல தனியா இருக்கக் கூடாது.”

புனிதா மேசையைத் தட்டினாள். பாய் என்று கத்தினாள். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மோட்டாரை அங்கேயே போட்டுவிட்டுச் செம்பனைகளுக்கு ஊடே வீடு நோக்கி ஓடினாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் மின்சாரம் இல்லை. நேரம் மக்ரிப், அந்தித் தொழுகை; ஜெட்டியின் சிறு தொழுகைக்கூடமான சூராவின் பாங்கு மழைக்குள் கரைந்து கேட்டது. மெழுகுவத்தி தேடி அடுப்படிக்குப் போனாள். இருட்டில் தீப்பெட்டி அகப்படவில்லை. அடிச்சேற்றின் வாசனை. கூரையில் மழை. கூடத்தில் மூங்கில் நாற்காலி முனகியது.

கூடத்தில் அவள் கைப்பேசி அடித்தது.

அவள் அசையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

“சொல்லும்மா, சுபா.”

அவளுடைய குரல். அதே கரகரப்பு. வாக்கியத்துக்கு முன்னால் அவள் விடும் அதே சின்னப் பெருமூச்சு.

“ஆமாம்மா... யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்றதுதான் சரி. எத்தன நாளைக்குத் தனியா கெடக்கிறது?... நாளைக்கே வா. வேல முடிஞ்சு வந்தாப் போதும்... சாப்டேன், சாப்டேன்.”

பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு மட்டும் சரியாக வரவில்லை. ஒரு தடவை நின்று, திருத்திக்கொண்டு, மறுபடி சிரித்தது. இம்முறை அவளுடைய சிரிப்பாகவே இருந்தது.

புனிதா அடுப்படித் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். விடியும்வரை கூடத்துப் பக்கம் போகவில்லை. விடிந்ததும் கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். “ஹலோ? அம்மா? ஹலோ? லைன் கேக்கலம்மா, சாயந்தரம் வந்துருவேன், சரியா?” மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதேதான். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். துணிமணிகளைப் பையில் அடைத்தாள். ஹேமநாதனின் போட்டோவைத் துண்டில் சுற்றி வைத்தாள். போய்விடலாம். மந்தினுக்குப் போய்விடலாம். சுபா கண்ணுக்குத் தெரியாமல் போவேனா? பெற்ற பிள்ளை. அவளுக்குத் தெரியாமல் போகுமா?

கார் வந்தபோது தகைவிலான்கள் அடையத் தொடங்கியிருந்தன. புனிதா வாசலுக்கு ஓடினாள். சுபா ஆபீஸ் உடையிலேயே இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. புனிதா இரண்டு கைகளையும் விரித்தாள்.

சுபா அவளைக் கடந்து போய், கதவருகே காற்றைக் கட்டிக்கொண்டாள்.

“எளச்சுப் போயிட்டீங்கம்மா,” என்றாள் சுபா. கன்னத்தில் கன்னம் வைத்துக்கொண்டாள். வைத்த இடத்தில் கன்னம் அழுந்திச் சப்பையானது. “என்னம்மா ஈரமா இருக்கீங்க? மழையில நனஞ்சீங்களா?”

“சுபா! சுபாம்மா! நான் இங்க இருக்கேன்டி!”

மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள். சுபா கையைத் தேய்த்துக்கொண்டாள். “குளுருதும்மா. இருட்டுறதுக்கு முன்ன போயிருவோம்.”

பையைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். முழங்கால் வலிக்காரிக்குக் காத்திருக்கும் பொறுமையோடு நின்றாள். “மெதுவா, மெதுவா.” காரின் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. இருக்கை வார் தானாக நீண்டு, யாரும் இல்லாத மடியின் குறுக்கே வந்து, மாட்டிக்கொண்டது. கண்ணாடியில் உள்ளிருந்து மூச்சு படர்ந்தது. வட்டமாக. மெல்ல. புனிதாவின் முகத்துக்கு நேராக.

கார் நகர்ந்தது. அவள் பின்னால் ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். சாலை நெடுகிலும் காருக்கு மேலே கம்பியில் குருவிகள் எழும்பி எழும்பி வழிவிட்டன. கார் திரும்பி மறைந்ததும் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. இடைவெளி எங்கும் இல்லை.

கம்பியில் இடம் போதவில்லை. வந்துகொண்டே இருந்தன.

ஒன்று அவள் தோளில் இறங்கியது. உதறினாள். அது இறகைச் சரிசெய்துகொண்டு அங்கேயே இருந்தது. இன்னொன்று தலையில். மணிக்கட்டில் இரண்டு. கழுத்துக் குழியில் சூடாக ஒன்று ஒடுங்கியது. கையை வீசினாள். கிளை ஆடினால் பிடித்துக்கொள்வதுபோல அவை நகங்களை இறுக்கிக்கொண்டன. இருட்டு வந்தது. கூட்டம் கூட்டமாக வந்தன. முதுகு. மார்பு. முழங்கை மடிப்பு. சின்னச் சின்ன இதயங்கள் அவள் உடம்பெல்லாம் துடித்தன.

வாயைத் திறந்து கத்தினாள்.

ஒன்று பறந்து வந்து அவள் கீழுதட்டில் உட்கார்ந்தது. ஒருமுறை நகர்ந்து வசதி பார்த்துக்கொண்டது. பிறகு இறகுக்குள் தலையைப் புதைத்துத் தூங்கிப்போனது.