ஒரே கூரையின் இடர் எண்

"என்கூட இருந்தா உன் எண்ணும் ஏறிப்போயிரும் கண்ணு. நீ தனியாவே இரு."

"அந்த எண்ணோடயே குடும்பம் நடத்தச் சொல்றீங்களா?"

"நடத்து. அது குறட்டை விடாதுல்ல."

விடுதலையான அன்று சிறைவாசலில் கணவன் ஞானசேகர் சொல்லிச் சிரித்தது தாமரைச்செல்வியின் காதிலேயே தங்கிவிட்டது. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடி ஓரத்தில் அவளுடைய இடர் எண் பச்சையாக ஒளிரும். பழைய வழக்குகளை அலசி, இனி ஒருவர் குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண். கோயம்புத்தூரில் அது இல்லாமல் யாருக்கும் விடிவதில்லை. பச்சை என்றால்தான் அரசு வேலை. சிவந்துவிட்டால், எந்தக் குற்றமும் செய்யாமலேயே காவல் இல்லத்தில் அடைத்துவிடுவார்கள்.

அவள் அரசின் குற்றப் புள்ளியியல் துறையில் கணிப்பாளர். தண்டனை பெற்றவரோடு ஒரே கூரையில் வாழ்ந்தால் தன் எண் மஞ்சளாகும் என்று அறிந்தவள். ஆலைத் தகராறில் ஒருவரை அடித்துச் சிறை சென்ற கணவன், ஊரின் மறுகோடியில் ஒற்றை அறையில் இருந்தான். தனிமையும் கணக்கில் ஒரு காரணி. அவன் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த கணிப்பில் சிவந்துவிடும் என்று அவள் திரையில் பார்த்துவிட்டாள். குடும்பத்தோடு சேர்ந்தால் இறங்கிவிடும்.

ஆனால் சேர்ந்து வாழ விடுதலையானவரே வாய்திறந்து கேட்க வேண்டும். வீட்டார் அழைத்தால் செல்லாது. தூண்டிப் பெற்ற பதில் தரவைக் கெடுக்கும் என்பது துறையின் பிடிவாதம். அவன் மணிக்கட்டில் துறை மாட்டிய செவிப்பட்டை பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஞாயிறுதோறும் பூங்காவில் அவனோடு மழை, மின்வெட்டு, ரசத்துக்கு மிளகு என்று பேசிவிட்டு, பூட்டிய வீட்டுக்குத் திரும்பி ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பாள்.

இந்த ஞாயிறு அவன் அவள் கழுத்தைப் பார்த்தான். "அடையாள அட்டை எங்க?"

"திருப்பிக் குடுத்துட்டனுங்க. வேலையை விட்டாச்சு."

"கிறுக்கா உனக்கு? அந்த வேலைக்காகத்தான நான் இத்தன நாளு வாய மூடிட்டுக் கெடந்தேன்."

அவள் செவிப்பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தனியார் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் வேலைங்க. மஞ்சளா இருந்தாலும் சேத்துக்கறாங்க."

"உனக்குத்தான் பச்சையாச்சே. மஞ்சளப் பத்தி எதுக்கு விசாரிச்ச?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சொல் கூடினாலும் தூண்டுதலாகிவிடும். பெஞ்சின் விளிம்பைப் பற்றியிருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. அவன் அந்த விரல்களையே வெகுநேரம் பார்த்தான்.

"தாமர... நான் நம்ம வீட்டுக்கு வந்துரட்டுமா?"