பொத்தானை அழுத்தியபின்

பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் ரேடியோ வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலை நாலு மணிக்கு, தணிக்கை அதிகாரி பொத்தானை அழுத்திய பிறகும் ஸ்பீக்கருக்குள் யாரோ ஈரமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மட்டமான பெட்டி என்று உதட்டைச் சுழித்தார். அவருக்கு உலகமே மட்டம்தான். வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேச அனுமதிக்கும் அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்ட மிதப்பு வேறு. அதே தேர்வை மூன்று தடவை கோட்டைவிட்ட தெருமுனைத் தையல்காரர் காலையில் போன் செய்து, "சார், எடுத்ததும் பேசிடாதீங்க. இந்த அலைவரிசையில யாராவது இருக்கீங்களான்னு கேட்டுட்டு, பதில் வரலைன்னாதான் பேசணும்" என்று சொல்லியிருந்தார்.

"நீங்க முதல்ல பாஸ் பண்ற வழியப் பாருங்க" என்று போனை வைத்தார் இவர்.

யாராவது இருக்கிறார்களா என்று கேட்கவில்லை. நேராக, உரிமத்தோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைச் சொன்னார்.

"நாங்க இருக்கோம்" என்றது ஸ்பீக்கர். பொத்தான் அழுந்தியேதான் இருந்தது.

தையல்காரரின் குறும்பு என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், ஊசியில நூல் கோக்கறதோட நிறுத்திக்க!"

"நல்ல குரல்" என்றது அது. "குடு."

பொத்தானை விட்டார். ஒயர் கருகும் நாற்றம். முதன்முறையாகப் பயந்தார். சமையலறைச் சத்தம் கேட்கக் கூடாதென்று அறையின் கண்ணாடிக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். அறிவுகெட்டவளே, மெயினை அணை என்று மனைவியை நோக்கிக் கத்தினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ரேடியோவில் குரலின் அளவைக் காட்டும் முள் மட்டும் கடைசி வரை போய்த் திரும்பியது.

ஹாலிலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வாயேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"இதோ வரேங்க!"

கையைத் துண்டில் துடைத்தபடி அவள் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஹாலுக்குப் போனாள். முகமெல்லாம் வெட்கம். இவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. ஓடினார். கைப்பிடி திரும்பவில்லை. கண்ணாடியைக் குத்தினார். சத்தமில்லை. முள் துள்ளியது. கத்தினார். முள் துள்ளியது.

"இன்னும் கிட்ட வாம்மா."

குரல் ஆள் உயரத்திலிருந்து வரவில்லை. தரையோடு தரையாக, சோபாவுக்கு அடியிலிருந்து வந்தது.

அவள் சிரித்துக்கொண்டே மண்டியிட்டு, உள்ளே கையை நீட்டினாள்.